நகராதடா

மார்ச் 9
முன்னணி முகாம்

அக்கா,

நெட்டை செத்துப்போனான். உனக்கு அவன் யார் என்றே தெரியாது. அதனால் சொல்கிறேன். இரண்டு வருடமாக என் கவச வண்டியை ஓட்டியவன். ஓட்டுநர் இருக்கைக்குள் முழங்காலை மடக்கி நுழைவதற்கே அவனுக்குப் பெரும்பாடு. “வண்டி செய்யறவன் எல்லாம் குள்ளனா இருப்பான் போல சார்” என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்வான். நானும் தினமும் சிரிப்பேன்.

வியாழக்கிழமை மதியம் ஆற்றங்கரைச் சாலையில் எங்கள் வண்டி கண்ணிவெடியில் ஏறியது. எனக்குக் காதோரம் ஒரு கீறல், அவ்வளவுதான். அவனுக்குத் தொடை கிழிந்துவிட்டது. இறுக்கிக் கட்டினோம், ரத்தம் நிற்கவில்லை. மேகம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்ததால் ஹெலிகாப்டர் வராது என்றார்கள். தெற்குச் சாலையில் இருபது நிமிடம் ஓட்டினால் கள மருத்துவமனை. அவனைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டு, வயர்லெஸ்ஸில் “பருந்து”வைக் கூப்பிட்டு, தெற்குச் சாலையில் போகலாமா என்று கேட்டேன்.

பருந்து என்றால் உன் விமானம். பதில் சொன்னது நீ.

“தெற்குச் சாலையில அடையாளம் தெரியாத வண்டிங்க இருக்கு. அங்கேயே நில்லுங்க.” முதலில் மரியாதையாகத்தான் சொன்னாய். மறுபடி கேட்டேன். மறுபடி நில்லுங்க. மூன்றாவது முறை, “ஆளு செத்துக்கிட்டிருக்கான், நான் போறேன்” என்றேன். அப்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

“நகராதடா.”

வயர்லெஸ்ஸில் எந்த அதிகாரியும் இன்னொரு அதிகாரியை டா போட்டுப் பேசமாட்டார். சின்ன வயதில் நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறும்போது நீ போட்ட அதே அதட்டல். என் கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். சாலை காலியாகிவிட்டது, போகலாம் என்று நீ சொன்னபோது நெட்டைக்கு எந்தச் சாலையும் தேவைப்படவில்லை.

நான்தான் என்று தெரிந்தே சொன்னாய். இந்தக் கடிதத்தை யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

பதில் எழுதாதே. உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.


மார்ச் 14
விமானத் தளம்

தம்பி,

பதில் எழுதாதே என்றதும் வாயை மூடிக்கொள்ள நான் உன் படையாள் இல்லை.

உன் ஓட்டுநர் இறந்ததற்கு வருந்துகிறேன். இதை நீ நம்பமாட்டாய். நம்பாதே.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. “வானத்துல உக்காந்து டீ குடிக்கிற உத்தியோகம்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாய். இப்போது கேட்டுக்கொள். ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிச் சென்ற விமானம் அது. ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். வயிற்றுக்கடியில் படகைக் கவிழ்த்தது போல நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் ரேடார். உள்ளே வரிசையாகத் திரைகள், திரைக்கு முன்னால் நாங்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் உட்கார முடியாத குளிர். சண்டை நடக்கிற இடத்துக்கு வெகுதூரம் பின்னால், மேகத்துக்கு மேலே, போய்ப் போய்த் திரும்புவோம். தரையில் எது நகர்ந்தாலும் திரையில் ஒரு புள்ளி விழும். எங்கே எது வருகிறது என்று பார்த்து, கீழே இருக்கிறவர்களுக்கு வழி சொல்வதுதான் வேலை.

நகர்ந்தால்தான் புள்ளி. நின்றுவிட்டால் திரையில் ஒன்றும் இருக்காது. அது கண் இல்லை, இயந்திரம். ஆளைப் பார்க்காது, முகத்தைப் பார்க்காது, காயத்தைப் பார்க்காது.

வியாழக்கிழமை தெற்குச் சாலையில் பதினொரு புள்ளிகள் உன்னை நோக்கி வந்தன. சக்கர வண்டிகள் என்றது இயந்திரம். யாருடைய சக்கரம் என்று அதற்குத் தெரியாது. அதற்கு முந்தின வாரம்தான் அதே மாதிரி வண்டிகளில் வந்தவர்கள் நம் காவல் சாவடி ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் நில் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், நான் டா போடவில்லை. விசாரணைக் குழுவுக்காக வயர்லெஸ் பேச்சை எழுத்தில் இறக்கியிருக்கிறார்கள். அதில் “நகர வேண்டாம்” என்றுதான் இருக்கிறது. வெடிச் சத்தத்தில் காது அடைத்திருந்த உனக்கு என்ன கேட்டதோ.

அம்மாவின் போனையாவது எடு. “ரெண்டு பிள்ளைங்களையும் ராணுவத்துக்குக் கொடுத்தேன். அதுங்க எதிரிகிட்ட சண்டை போடும்னு பாத்தா, ஒண்ணுக்கொண்ணு போட்டுக்குது” என்று பக்கத்து வீட்டில் போய்ப் புலம்புகிறாளாம்.

சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் அதற்கும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாய்.

அக்கா


மார்ச் 22
முன்னணி முகாம்

விமான அதிகாரி அவர்களுக்கு,

இப்படித்தானே கூப்பிட வேண்டும்? மரியாதை எழுத்தில் இருந்தால் போதும் உனக்கு.

உன் பதினொரு புள்ளிகளை நான் நேரில் பார்த்தேன். மறுநாளே தெற்குச் சாலை வழியாகப் போனோம். சாலையை விட்டு இறங்கி ஒரு தோப்பில் நின்றிருந்தன. டிராக்டர்கள். பின்னால் டிரெய்லரில் கட்டில், பாத்திரம், கோழிக்கூடு, போர்வைக்குள் சுருண்ட கிழவர்கள். ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிவந்த ஜனங்கள். ஒருவரிடம் ஒரு கத்தி இருந்தது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பயந்துதான் நாங்கள் பள்ளத்தில் பதுங்கிக் கிடந்தோம்.

சரி, அது மேலிருந்து தெரியாது. இயந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நேற்று “மீசை” வந்திருந்தார். அன்றைக்குக் கல்குவாரிப் பக்கம் போன அணியின் கேப்டன். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் அதே மதியம் பருந்துவைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் பாதையிலும் அடையாளம் தெரியாத வண்டிகள். அவரிடமும் காயம்பட்ட ஆள். பதில் சொன்னது ஒரு பொம்பளைக் குரல் என்றார். அந்த விமானத்தில் அன்று உன்னைத் தவிர வேறு பெண் இல்லை. நான் விசாரித்துவிட்டேன்.

நீ அவரிடம் சொன்னதை வரி பிசகாமல் சொன்னார். “முன்னாடி நாலு வண்டி இருக்கு, யாருன்னு தெரியல. போறதும் நிக்கிறதும் உங்க முடிவு.”

உங்க முடிவு! அவர் போனார். வழியில் ஒன்றுமே இல்லை. அவருடைய ஆள் இப்போது ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சோறு சரியில்லை என்று நர்ஸோடு சண்டை போடுகிறானாம்.

அவருக்கு முடிவு, எனக்கு உத்தரவு. ஏன்? எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? மேலே இருப்பவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும், தரையில் இருப்பவன் முடிவெடுக்க வேண்டும், இதுதானே உங்கள் விதி?

கள மருத்துவமனை டாக்டரிடமும் கேட்டேன். “அரை மணி முன்னாடி கொண்டுவந்திருந்தா கால்தான் போயிருக்கும்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவனைச் சாகவிட்டாய். இல்லை என்று ஒரு வரி எழுது. முடிந்தால்.


மார்ச் 27
விமானத் தளம்

டேய்,

எழுத முடியாது. ஏனென்றால் நீ சொல்வது உண்மை. போதுமா?

நீ முதல் முறை வாய் திறந்தபோதே தெரிந்துவிட்டது, நீதான் என்று. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற அந்தப் பழக்கத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன் தம்பி அணியாம்மா? அப்படின்னா அந்தப் பகுதியை என்கிட்ட கொடுத்துடு” என்றார். அதுதான் முறை. சொந்தக்காரர்கள் இருக்கிற இடத்தை நாங்கள் பார்க்கக்கூடாது. “இல்ல சார், நானே பாத்துக்கறேன்” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பதினொரு புள்ளிகள் உன் பக்கமாக ஊர்ந்து வருகின்றன. நீ போகிறேன் போகிறேன் என்கிறாய். நல்லவர்களா கெட்டவர்களா, இரண்டில் ஒன்று. மீசைக்காரருக்கும் அதேதான். ஆனால் அவரை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில்லை. உன் வண்டிகள் நின்றதும் திரையிலிருந்து நீ மறைந்துவிட்டாய். உண்மையைச் சொல்லட்டுமா? நிம்மதியாக இருந்தது. என் கண்ணுக்கே படாத உன்னை வேறு எவனும் பார்க்கமுடியாது என்று மூளை கிறுக்குத்தனமாக ஒரு கணக்குப் போட்டது.

நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள்? “நீ மேலதானே இருக்க, அவனைப் பாத்துக்கோ.” பார்த்துக்கொண்டேன். அந்தப் புள்ளிகள் துப்பாக்கியோடு வந்திருந்தால் இன்றைக்கு உன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்போம். நீ எனக்குக் கடிதம் எழுதித் திட்டிக்கொண்டிருக்கமாட்டாய். திரும்ப அதே மதியம் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். இதைப் படித்துவிட்டுக் கொதிக்கிறாயா, கொதி.

ஆனால் ஒன்றை நீ சௌகரியமாக மறந்துவிட்டாய். விதி என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, தரையில் இருப்பவனுடையதுதான் முடிவு என்று. அப்படியானால் நீ ஏன் நின்றாய்? வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே. ஆறு வண்டிகளுக்குத் தலைவன் நீ. ஒரு கேப்டனுக்கு வந்த உத்தரவாக அதைக் கேட்டிருந்தால் நீ மீறியிருப்பாய். அக்கா சொன்னதால் நின்றாய். எப்போதும் இதேதான். நான் சொல்வதைக் கேட்பாய், அப்புறம் என்னால்தான் எல்லாம் கெட்டது என்று ஊரைக் கூட்டுவாய்.

உன் ஓட்டுநர் உன் வண்டியில் கிடந்தான். என் விமானத்தில் இல்லை.


ஏப்ரல் 6
முன்னணி முகாம்

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கடைசி வரியைக் கிழிக்கமுடியவில்லை, அது மண்டைக்குள் இருக்கிறது.

இரண்டு நாள் விடுப்பில் நெட்டையின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். டிரைவிங் ஸ்கூலில்தான் இருவருக்கும் பழக்கமாம். ஒரே ஒரு மகள், பன்னிரண்டு வயது. மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. அவ்வளவு பெரிய ஷூவை வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

ராணுவத்திலிருந்து அவர்களுக்கு வந்த இரங்கல் கடிதத்தைக் காட்டினார். “கண நேரத்தில் உயிர் பிரிந்தது. அவர் எந்த வலியையும் உணரவில்லை.” கடிதத்துக்குக் கீழே யாரோ ஒரு மேலதிகாரியின் கையெழுத்து. அந்தப் பெண் குழந்தை அதைப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை நேரத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்ததாம். டீச்சர்கள் அழுதார்களாம்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. “பொய்ங்க” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்தான், பேசினான், தண்ணீர் கேட்டான் என்று. போகாமல் நிற்கச் சொன்னது என் அக்கா என்றும் சொன்னேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. வேன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்:

“உங்களுக்கு மேல உங்க அக்கா இருந்தாங்க. என் வீட்டுக்காரருக்கு மேல நீங்கதானே சார் இருந்தீங்க?”

நீ கேட்டதையேதான் அவரும் கேட்டார். நீ கோபத்தில் கேட்டாய். அவர் சும்மா, பஸ் எத்தனை மணிக்கு என்பது போலக் கேட்டார்.

ஆமாம், நீ சொன்னதால்தான் நின்றேன். கேப்டனாக இல்லை, தம்பியாக நின்றேன். அதை மென்றுகொண்டேதான் நடமாடுகிறேன். அதனால் நீ செய்தது சரியாகிவிடாது. திரும்பவும் அதையேதான் செய்வேன் என்கிறாயே, அதைப் படித்தபோது உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. வளர்ந்த பிறகு முதல் தடவையாக.

இருபதாம் தேதி விசாரணைக் குழு முன்னால் நிற்கிறேன். ஒன்றையும் மறைக்கமாட்டேன். உன் வேலை போனாலும் சரி.

நெட்டையின் மனைவி உன்னைப் பார்க்கவேண்டும் என்றார். போகாதே. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அந்த வீட்டு வாசலை மிதிக்காதே.


ஏப்ரல் 15
விமானத் தளம், பண்டகசாலை

தம்பி,

மேலே இருக்கும் முகவரியைப் பார்த்தாயா? கம்பளிச் சட்டைகளுக்கும் காலணிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் சாட்சியத்துக்கு முன்பே என் வேலை போய்விட்டது. அந்தத் திருப்தியை உனக்குக் கொடுக்க மனமில்லை. நானே போய்க் கெடுத்துக்கொண்டேன்.

விசாரணைக் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். வயர்லெஸ் பேச்சை எழுத்தில் இறக்கியதில் தவறு இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். அந்தக் கர்னல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“‘நகர வேண்டாம்’னு இருக்கு. நீங்க என்ன சொன்னீங்க?”

“‘நகராதடா’ன்னு சொன்னேன் சார்.”

“அர்த்தம் ஒண்ணுதானேம்மா. மரியாதையா இருக்கட்டும்னு டைப் பண்றவர் மாத்தியிருப்பார். ஒரு எழுத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஆமா சார். அந்த ‘டா’வுக்காகத்தான் வந்தேன்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் எரிச்சல் வந்தது. விமானத்துக்கு ஆள் பற்றாக்குறை, மேகத்தின் மேலும் டிராக்டரின் மேலும் பழியைப் போட்டு எல்லாவற்றையும் அழகாக முடித்து வைத்திருந்தார்கள், நான் வந்து கிளறுகிறேன். ஒலிப்பதிவைப் போடச் சொன்னேன். போட்டார்கள். என் குரலை நானே கேட்டேன். டா போடவில்லை என்று உன்னிடம் எழுதினேன் அல்லவா? அந்தப் பதிவைக் கேட்ட யாரும் அப்படி எழுதமுடியாது. பின்னணியில் ஒரு ஆள் முனகுவது வேறு கேட்டது. அன்று எனக்கு அது கேட்கவில்லை. உன் குரல் மட்டும்தான் கேட்டது.

“இனிமே விமானத்துல ஏற வேண்டாம்” என்றார் கர்னல்.

நீ போகாதே என்ற இடத்துக்கும் போனேன். உன் பேச்சைக் கேட்டு நடக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வாசலில் நின்று யார் என்று சொன்னதும் அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. “பிள்ளைங்களைக் கூட்டிவரப் போகணும், நேரமாச்சு. வேன்ல ஏறுங்க” என்றார். ஏறினேன். பள்ளிக்கூடத்தில் இருபது பிள்ளைகள் ஏறி, ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“காயம்பட்ட ஆள் ஒருத்தர் கீழ இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பேர் தெரியுமா?”

“தெரியாது.”

“கேட்டிருக்கலாம்ல.”

அவ்வளவுதான் கேட்டார். ஆமாம், கேட்டிருக்கலாம். ஒரு வினாடி ஆகியிருக்கும். கேட்டிருந்தால் உனக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பவும் அதையேதான் சொல்வேன் என்று போன கடிதத்தில் அவ்வளவு வீராப்பாக எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன் என்று நினைக்காதே. தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நிறுத்தமே இல்லாத ஒரு இடத்தில் வேனை நிறுத்தி, “இறங்குங்க” என்றார். இறங்கினேன். பஸ் கிடைக்கும் வரை நடந்தேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. அந்த ஒரு மணி நேரமும் நீ உன் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தாய், அவர் பேசியதைக் கேட்டாய். எனக்கு அதுகூட இல்லை. இருபதாம் தேதி போய் எல்லாவற்றையும் சொல். எதையும் எனக்காக மெல்லாதே.

அக்கா


ஏப்ரல் 24
முன்னணி முகாம்

அக்கா,

சாட்சி சொல்லிவிட்டேன். கர்னல் என்னையும் அந்த ஒலிப்பதிவைக் கேட்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், “இந்த மரணத்துக்கு யார் பொறுப்புன்னு நினைக்கிறீங்க?” என்றார். “நிக்கச் சொன்னது அவங்க. நின்னது நான். ரெண்டு பேரையும் எழுதுங்க சார்” என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. உன்னை மட்டும் எழுதிவிட்டு நான் நிம்மதியாக நடமாடினால், நெட்டையின் மனைவி கேட்ட கேள்வி என்னை விடாது. என் அணியை மீசையிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஒப்படைக்கிறேன். பசங்க யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை.

இரங்கல் கடிதத்தை மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டேன். கர்னல் முடியாது என்றார். “அந்தக் குடும்பத்துக்கு அதனால என்ன பிரயோஜனம்? நிம்மதியா இருக்கட்டுமே” என்றார். மேஜையைத் தட்டிவிட்டேன். அதற்கும் ஒரு விசாரணை வரும் போல.

அதை நெட்டையின் மனைவியிடம் போனில் சொன்னேன். அவர், “அவங்க எழுதவேண்டாம் சார். நீங்க ரெண்டு பேரும் வந்து என் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றார். மகளிடம் அவர் சொல்லிப் பார்த்தாராம். அந்தப் பிள்ளை நம்பவில்லை. எங்கப்பாவுக்கு வலிக்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும் என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதாம். நான் மட்டும் வருகிறேனே என்றேன். “இல்ல, அந்தம்மாவும் வரணும். எதுக்கு நிக்கச் சொன்னாங்கன்னு அவ கேப்பா. அதுக்கு நீங்க பதில் சொல்லமுடியாது” என்றார்.

அன்றைக்கு அவன் பேசியதை எல்லாம் நான் சொல்வேன். தண்ணீர் கேட்டதை, மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்காமல் ஏமாற்றிக்கொண்டே வந்ததைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டதை. கடைசியில் என்னைப் பார்த்து, “போலாமா சார்?” என்று கேட்டதை. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லப்போகிறேன். ஏன் நிற்கச் சொன்னாய் என்பதை நீ சொல். இயந்திரம், புள்ளி என்று ஆரம்பிக்காதே. என்னிடம் எழுதினாயே, அந்த மாதிரிச் சொல். அவள் கத்தினால் கத்தட்டும். எதையாவது எடுத்து எறிந்தாலும் வாங்கிக்கொள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அந்த வார்த்தையே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. அம்மாவிடம் நாம் சமாதானமாகிவிட்டோம் என்றும் சொல்லிவைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பஸ். எனக்கு முன்னால் வந்தால் இடம் போட்டு வைக்காதே, என் பக்கத்திலும் உட்காராதே. வழியில் பேச்சுக் கொடுக்காதே. ஆனால் நெட்டை வீட்டு நிறுத்தம் வந்ததும் இறங்கிவிடு. நான் கூப்பிடமாட்டேன். திரும்பிப் பார்ப்பேன்.